இரைச்சல் நின்ற மேடை

கிடாரில் இரைச்சல் வருகிறது என்று என்னிடம் வருகிற புது ஆட்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "எப்படி நிறுத்துறது, அக்கா?" அது எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. அங்கேயே எனக்குக் கோபம் வந்துவிடும். வயிற்று வலி என்று போனவரை, என்ன ஏது என்று பார்க்காமல் வலி மாத்திரை கொடுத்து அனுப்புகிற டாக்டரை என்ன திட்டு திட்டுவீர்கள்? நீங்கள் செய்கிற வேலையும் அதுதான்.

நான் திருச்சி சிங்காரத்தோப்புப் பக்கம் ஒரு மாடி அறையில் பல வருஷம் ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, எலக்ட்ரிக் கிடார் எல்லாம் ரிப்பேர் பார்த்தவள். கண் மங்கியதும் கடையை மூடிவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எனக்கு நயமாக எழுத வராது. ஈயம் எப்படி வைப்பது, எந்த வயரை எதில் சேர்ப்பது என்பதெல்லாம் உங்கள் செல்போனிலேயே வீடியோவாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாண மண்டபத்தில் எல்லோரும் உங்களைச் சுற்றி நின்று "ஆச்சா, ஆச்சா" என்று கேட்கும்போது தலை எப்படி வேலை செய்ய வேண்டும் என்பது எந்த வீடியோவிலும் இல்லை. அதற்காக ஒரு ரிசப்ஷனைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எலக்ட்ரிக் கிடாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றிச் செய்த காயிலும் இருக்கின்றன. கம்பி அதிர்வதை அந்தக் காயில் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. அதற்கு நல்லது கெட்டது தெரியாது. பக்கத்தில் விளக்கு, டிரான்ஸ்ஃபார்மர் எது இருந்தாலும் அதன் சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும். அதைக் குறைக்கத்தான் கம்பிகளை உள்ளே ஒரு வயர் வைத்து எர்த்தோடு சேர்த்திருக்கிறார்கள். வாசிக்கிறவர் கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் குறைவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் அவர் உடம்பும் எர்த்தோடு சேர்கிறது. ஆகவே நீங்கள் சரி பார்க்கிற சர்க்யூட்டில் கடைசிப் பாகம் ஒரு மனுஷன். இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

தேவராஜ் மண்ணச்சநல்லூரில் ஒரு ரைஸ் மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றி அனுப்புகிற சூப்பர்வைசர். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். சாயங்காலமும் விடுமுறை நாளிலும் ஒரு இன்னிசைக் குழுவில் கிடார் வாசிப்பார். ஒரு நாள் கிடாரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க என் மாடிப்படி ஏறி வந்தார். நான் கிடாரின் பின்மூடியைக் கழற்றிக் கவிழ்த்தேன். மேஜை முழுக்கத் தவிடு கொட்டியது.

"கிடாரா இது, தவிட்டு மூட்டையா?"

"மில்லுலயே வெச்சிருக்கேங்க அக்கா. வீட்டுல வெச்சா சம்சாரம் விக்கச் சொல்லுது."

"மாடு இருந்தா சொல்லுங்க, கூடவே குடுத்து அனுப்புறேன்."

அவர் சிரிக்கவில்லை. வரிசையாக மூன்று ரிசப்ஷனில் அவர் வாசிக்கும்போது 'ம்ம்ம்' என்று பெரிய இரைச்சல் வந்திருக்கிறது. ஒரு கல்யாண வீட்டுக்காரர், வீடியோவில் பாட்டைவிட அதுதான் கேட்கிறது என்று சண்டைக்கு வந்திருக்கிறார். குழுவை நடத்துகிறவர் கீபோர்டு வாசிப்பவர், எல்லோரும் அவரை மாஸ்டர் என்பார்கள். மாஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல ஒரு ரிசப்ஷன் இருக்குங்க. அதுலயும் சத்தம் வந்துச்சுன்னா, இனிமே கிடார் பார்ட்டைக் கீபோர்டுலயே போட்டுக்குறேன், நீங்க வர வேணாம்னுட்டாரு."

"வராட்டி வீட்டுல படுத்துத் தூங்குங்களேன். மில்லு வேலை இருக்குல்ல?"

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் நான் அப்படித்தான் கேட்பேன். அவர் மேஜையில் கொட்டிக் கிடந்த தவிட்டை விரலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னார்.

"மில்லுல என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்கக்கா. 'ஏய் லோடு'ம்பாங்க. மேடையிலதான் மைக்குல 'கிடார், தேவராஜ்'னு சொல்வாங்க. அதுக்குத்தான் போறேன்."

தவிட்டைத் துடைத்து, ஆடிக்கொண்டிருந்த சாக்கெட்டை இறுக்கி, விட்டுப்போயிருந்த ஒரு ஈயத்தை மறுபடி வைத்தேன். என் ஆம்ப்ளிஃபயரில் போட்டு வாசிக்கச் சொன்னேன். சுத்தமாக இருந்தது. கம்பியில் கை வைத்தால் இன்னும் சுத்தம். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பையில் போட ஆரம்பித்தார்.

"சந்தோஷப்படாதீங்க," என்றேன். "இங்க சத்தம் இல்லைன்னா என் கடை கரண்ட் நல்லா இருக்குன்னுதான் அர்த்தம். மூணு மண்டபத்துல வந்த சத்தம் இந்த ஈயத்தால வந்திருக்காது. ஞாயித்துக்கிழமை நானும் வரேன்."

உங்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுவீர்கள். கடையில் வராத கோளாறு கடையில் இல்லை. அது இருக்கிற இடத்துக்கு நீங்கள் போக வேண்டும். போக முடியாவிட்டால் சரி பண்ணிவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஞாயிறு சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, காவிரிப் பாலத்தில் வழக்கம்போல நின்று நின்று, அம்மா மண்டபம் ரோட்டில் இறங்கினேன். அங்கே வரிசையாகக் கல்யாண மண்டபங்கள். தேவராஜ் சொன்ன மண்டபத்தின் வாசலில் இரண்டு பக்கமும் குலையோடு வாழை மரம் கட்டியிருந்தார்கள். மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்பதற்கு இரும்பு வளைவு வைத்து அதை முழுக்கப் பூவால் மூடியிருந்தார்கள். அதே இரும்பில் கலர் விளக்குகள், சுழலும் விளக்குகள், சீரியல் செட். விளக்கு வேலை செந்தில் என்கிற ஆளுடையது. மாஸ்டர் எந்த ரிசப்ஷன் பிடித்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார். மைக் செட் இந்தத் தடவை காதர் பாயுடையது, முன்பு மூன்று ரிசப்ஷனிலும் வேறு ஆள். பாய் எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்தவர், நல்ல வேலைக்காரர்.

பாயுடைய மிக்சர் ஹாலின் கோடியில் இருந்தது. அதற்குக் கரண்ட் மண்டபத்துச் சுவர் பிளக்கிலிருந்து. கிடார் ஆம்ப்ளிஃபயர் மேடைமேல் இருந்தது. அதைப் பக்கத்தில் இருந்த செந்திலின் விளக்கு போர்டில் செருகியிருந்தார்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து மிக்சர் வரைக்கும் ஒரு நீளமான ஒலி வயர், நடுவில் கையடக்கமான ஒரு இணைப்புப் பெட்டி. எல்லா மண்டபத்திலும் இப்படித்தான் செய்கிறார்கள். எது பக்கத்தில் இருக்கிறதோ அதில் செருகுவது.

சுவிட்ச் போட்டதும் ஹால் முழுக்க 'ம்ம்ம்' என்று எழுந்தது. ரைஸ் மில் மோட்டாரே உள்ளே வந்துவிட்ட மாதிரி. சாப்பாட்டு ஹாலில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மாஸ்டர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கித் தேவராஜைப் பார்த்தார். அந்தப் பார்வையே போதும்.

நான் கம்பியில் கை வைக்கச் சொன்னேன். இரைச்சல் கொஞ்சமும் மாறவில்லை. கிடாரின் வால்யூமைச் சுத்தமாகக் குறைக்கச் சொன்னேன். மாறவில்லை. கிடாரையே கழற்றித் தனியாக வைத்தேன். அப்போதும் மாறவில்லை.

"மாஸ்டர், கிடாரைக் கழட்டியே வெச்சுட்டேன். இப்பவும் கேக்குது. இப்ப யாரைத் திட்டப் போறீங்க?"

"எனக்கு யாரையும் திட்டணும்னு ஆசை இல்லீங்கக்கா. சத்தம் நிக்கணும். பொண்ணோட அப்பா ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போயிட்டாரு."

அதற்குள் காதர் பாய் மேடைக்கு வந்தார். "தள்ளுங்கக்கா. இது எர்த் லூப்பு. இது எனக்கு டெய்லி வர்ற விருந்தாளி." குனிந்து அந்த இணைப்புப் பெட்டியில் இருந்த ஒரு சின்ன சுவிட்சைத் தட்டினார். மிக்சர் பக்கத்து எர்த்தையும் ஆம்ப்ளிஃபயர் பக்கத்து எர்த்தையும் பிரித்துவிடுகிற சுவிட்ச் அது.

இரைச்சல் வெட்டிவிட்ட மாதிரி நின்றது.

கை தட்டினார்கள். தபேலா வாசிக்கிறவர் விசில் அடித்தார். மாஸ்டர் முதல் தடவையாகச் சிரித்தார். தேவராஜ் கிடாரை மறுபடி மாட்டிக்கொண்டு எல்லாக் கம்பியையும் சேர்த்து ஒரு கார்டு வாசித்தார். மணி மாதிரி கேட்டது. அவர் கண் கலங்கியிருந்தது. எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள்.

பாய் செய்தது தப்பில்லை. இரண்டு கருவிக்கு இரண்டு இடத்திலிருந்து எர்த் வந்தால் நடுவில் இருக்கிற ஒலி வயரில் இரைச்சல் வரும். அதற்காகத்தான் அந்த சுவிட்ச் இருக்கிறது. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. சாதாரண லூப் சத்தம் அடக்கமாக இருக்கும். இது ஹாலையே நிரப்பியது. அப்படியானால் அந்த மெல்லிசான ஒலி வயர் வழியாக ஏதோ ஒன்று நிறையப் போய்க்கொண்டிருந்தது. வழியை அடைத்துவிட்டோம். போய்க்கொண்டிருந்தது இப்போது எங்கே நிற்கிறது?

எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர், எந்தப் பெட்டியையும் முதலில் புறங்கையால் தொடச் சொல்வார். உள்ளங்கையால் தொட்டு ஷாக் அடித்தால் விரல்கள் தானாக இறுகிப் பிடித்துக்கொள்ளும், விட முடியாது. புறங்கையாக இருந்தால் கை மடங்கி விலகிவிடும். அந்தப் பழக்கத்தில் ஆம்ப்ளிஃபயரின் இரும்பு மூலையைப் புறங்கையால் லேசாக உரசினேன். எறும்புக் கூட்டம் ஓடுகிற மாதிரி இருந்தது. மேடையில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றோம். நல்லவேளை, காலுக்குக் கீழே கனமான காய்ந்த கார்பெட்.

நிமிர்ந்து பார்த்தேன். முதல் பாட்டு தேவராஜ் பாடுவது. இடது கை கம்பியை அழுத்தியபடி இருக்க, 'செக்' சொல்வதற்கு மைக் பக்கம் குனிந்துகொண்டிருந்தார். அவர் உதட்டை மைக்கில் ஒட்டிவைத்துப் பாடுகிறவர்.

"தேவராஜ்! மைக்கைத் தொடாதீங்க!"

நான் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும். அவர் அப்படியே நின்றார். ஹாலில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள்.

மாஸ்டர் ஓடி வந்தார். "என்னக்கா இது? கல்யாண வீட்டுல இப்படியா கத்துவீங்க? அபசகுனமா..."

"சகுனத்தை அப்புறம் பாக்கலாம். கிடார் கம்பியில கரண்ட் இருக்கு."

"அவரு இவ்வளவு நேரம் அதைத்தானே தடவிக்கிட்டு இருக்காரு? ஒண்ணும் ஆகலையே!"

"காய்ஞ்ச கார்பெட்ல நிக்கிறாரு, அதான் ஆகல. மைக்கு உங்க கார்பெட் இல்ல. அது பாயோட மிக்சர்ல, மண்டபத்து நல்ல எர்த்துல இருக்கு. கை கம்பியில, வாய் மைக்குல. நடுவுல இருக்குறது அவரு நெஞ்சு."

காதர் பாய் முகம் மாறியது. ஆனால் மாஸ்டர் நம்பவில்லை. விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். நாதஸ்வரக்காரர்கள் வாசித்து முடித்து எழுந்துவிட்டார்கள். இதைவிட மோசமாக, தேவராஜே என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார்.

"அக்கா, விட்டுருங்கக்கா. சத்தம் நின்னுருச்சு. எனக்கு அது போதும். நான் மைக்குல படாமப் பாடிக்கிறேன். நீங்க இப்ப எதையாச்சும் கழட்டி மறுபடியும் சத்தம் வந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

நன்றாகக் கவனியுங்கள். கூட்டம் அவசரப்படுத்தும், அது எப்போதும் உள்ளதுதான். யாரைக் காப்பாற்ற வந்தீர்களோ அவரே கையைப் பிடித்துக்கொண்டு விட்டுவிடுங்கள் என்பார். அவருக்கு அந்த நேரத்தில் உயிரைவிட மைக்கில் தன் பெயர் வருவது பெரியதாகத் தெரியும். அதில் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்காக நீங்கள் தலையாட்டக் கூடாது. மைக்கில் படாமல் பாடுவாராம். முதல் சரணத்தில் கண்ணை மூடினால் அவருக்கு உலகமே தெரியாது.

வாதாடி நேரத்தைக் கெடுக்காமல் பையிலிருந்து என் டெஸ்ட் லாம்பை எடுத்தேன். பெரிய கருவி ஒன்றுமில்லை. ஹோல்டரில் ஒரு சின்ன பல்பு, இரண்டு வயர். மீட்டர் வைத்தால் நம்பர் காட்டும். ஆளை ஒன்றும் செய்யாத அற்பக் கசிவுக்கும் காட்டும். மாஸ்டருக்கு நம்பர் ஒன்றும் சொல்லாது. பல்பு எரிய வேண்டுமானால் உண்மையிலேயே கரண்ட் ஓட வேண்டும். கிடாரை வாங்கி நாற்காலியில் வைத்தேன். ஒரு வயரைக் கம்பியில் வைத்தேன். மற்றொன்றை மைக்கின் வலையில் வைத்தேன்.

பல்பு எரிந்தது. பளிச்சென்று இல்லை. பூஜை அறையில் போடுகிற சின்ன பல்பு மாதிரி, மஞ்சளாக.

தேவராஜ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்க்காமல் மாஸ்டரிடம் சொன்னேன். "இந்தப் பல்பு இருக்குற எடத்துலதான் இவரு இருந்திருப்பாரு."

காதர் பாய் போய் ஆம்ப்ளிஃபயர் பிளக்கைப் பிடுங்கினார்.

அப்போதுதான் எனக்கு முழுக்கப் புரிந்தது. ஏதோ ஒரு விளக்கிலிருந்து கரண்ட் கசிந்து செந்திலின் போர்டில் இருக்கிற எர்த் வயருக்கு வருகிறது. அங்கிருந்து மண்ணுக்குப் போக வேண்டும். போகவில்லை. அதனால் கிடார் ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து, ஒலி வயருக்குள் சுற்றியிருக்கிற செம்பு வலை வழியாகப் பாயுடைய மிக்சருக்குப் போய், மண்டபத்தின் எர்த்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அது போகிற சத்தம்தான் அந்த 'ம்ம்ம்'. மூன்று ரிசப்ஷனில் தேவராஜுக்குத் திட்டு வாங்கிக் கொடுத்த இரைச்சல்தான் மூன்று ரிசப்ஷனிலும் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. சுவிட்சைத் தட்டி அதை நிறுத்தினோம், கை தட்டினோம்.

செந்திலைக் கூப்பிட்டேன். "போர்டுக்கு எர்த் குடுத்திருக்கியாப்பா?"

"குடுக்காம இருப்பேனா மேடம்? பச்சை வயர் பாருங்க, புது வயர்."

உண்மைதான். நல்ல கனமான பச்சை வயர். அதைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். மாஸ்டர், பாய், செந்தில், தேவராஜ் எல்லோரும் பின்னால். மேடையிலிருந்து சுவர் ஓரமாகப் போய், சந்தனம் கல்கண்டு வைத்திருந்த மேஜைக்கு அடியில் நுழைந்து, பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்களைத் தாண்டி, வாசலுக்குப் போனது. அங்கே ஒரு இரும்புக் கம்பியில் ஒழுங்காகச் சுற்றி முறுக்கியிருந்தது. கம்பி வாசலில் கட்டியிருந்த வாழை மரத்தில் ஒரு முழம் ஆழத்துக்குக் குத்தியிருந்தது.

நான் செந்திலைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னப்பா இது?"

"எர்த்துங்க மேடம். தரை பூரா கல்லு பதிச்சுட்டாங்க, கம்பி எறங்க மாட்டேங்குது. வாழைல ஈரம் நெறைய இருக்குல்ல? நல்லாப் புடிக்கும்."

"மரத்துக்கு வேர் எங்க?"

அவன் கீழே குனிந்து பார்த்தான். காலையில் எங்கோ வெட்டிக்கொண்டு வந்த மரம். அடிப்பக்கம் வழுவழுப்பான டைல்ஸ்மேல் நின்றது. தூணோடு கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள்.

"எல்லா மண்டபத்துலயும் இப்பிடித்தாங்க மேடம் குத்துறேன்," என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்கே குரல் இறங்கிவிட்டது.

அவனை நன்றாகத் திட்டினேன். கூப்பிடு தூரத்தில் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், நடுவில் இருக்கிற தீவில் நின்றுகொண்டு ஈரத்துக்கு வாழை மரத்தைத் தேடினானே என்று. ஆனால் அவன் முட்டாள் இல்லை. பின்னால் நிதானமாகக் கேட்டதில் தெரிந்தது. அவன் தொழிலுக்கு வந்த காலத்தில் மண்டப வாசல்களில் மண் இருந்தது. வாழை மரம் நடுவதற்குத் தோண்டிய குழியிலேயே கம்பியையும் அடித்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். அது சரியான எர்த். அப்புறம் வாசலுக்கு வாசல் கல் பதித்தார்கள். குழி போயிற்று, மண் போயிற்று. மரம் மட்டும் மிச்சம். 'வாழை மரத்துக்கிட்ட எர்த்' என்கிற பழக்கமும் மிச்சம். கை அதே இடத்துக்குப் போய் அதே வேலையைச் செய்கிறது. எதற்காகச் செய்தோம் என்பது காணாமல் போய்விட்டது. உங்கள் கையிலும் இப்படி எத்தனை பழக்கம் இருக்கிறது என்று யோசியுங்கள். இரைச்சல் வந்தால் உடனே அந்த சுவிட்சைத் தட்டுவது, பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின் தடியாக இருக்கிறதென்று கட்டிங் பிளேயரால் ஒடித்துப் போடுவது. செய்யும்போது யாரும் சாகவில்லை என்பதால் அது சரி என்று ஆகிவிடாது.

உள்ளே வந்தோம். மாஸ்டருக்கு இப்போது அவசரம் வேறு மாதிரி. "அக்கா, ஆம்ப்ளிஃபயரைப் பாயோட பிளக்குல மாத்திரலாம்ல? அதோட எல்லாம் சரியாயிடும்ல?"

சரியாகிவிடும். கிடாருக்கு. இரைச்சல் நிற்கும், தேவராஜ் பத்திரம், நான் பஸ் பிடிக்கலாம். என்னைக் கூப்பிட்டதும் அதற்குத்தான். ஆனால் அந்தக் கரண்ட் விளக்குகள் மாட்டிய இரும்பு வளைவில் இருக்கிறது. அதைப் பூவால் மூடியிருக்கிறார்கள். பட்டும் நகையுமாக ஒரு பெண் அதை ஒட்டி நிற்கப்போகிறாள். பந்திக்கு முன்னால் குழந்தைகள் அதில் தொங்குவார்கள்.

"எல்லா விளக்கையும் அணைங்க. எது கசியுதுன்னு பாத்துட்டுத்தான் போடணும்."

பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். "யாருங்க நீங்க? வீடியோக்காரங்க வந்தாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க. லைட்டை அணைச்சா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க."

எனக்குச் சுற்றிப் பேசத் தெரியாது. "அந்த இரும்புல கரண்ட் வருது. உங்க பொண்ணு அதைத் தொட்டுக்கிட்டு நிக்கப்போகுது. லைட்டு வேணுமா, பொண்ணு வேணுமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பூ வளைவைப் பார்த்தார். செந்திலைக்கூடக் கூப்பிடவில்லை. தானே போய் போர்டின் மெயின் சுவிட்சை இறக்கினார்.

செந்திலும் பாயும் ஒவ்வொரு விளக்காகக் கழற்றிப் பார்த்தார்கள். ஒரு சுழலும் விளக்கின் வயரை வளைவின் கிளாம்ப் நசுக்கியிருந்தது. தோல் கிழிந்து உள்ளே செம்பு தெரிந்தது. சரியான எர்த் இருந்திருந்தால் விளக்கைப் போட்ட உடனே மெயின் சுவிட்ச் தானாக விழுந்து சொல்லியிருக்கும். வாழை மரம் என்ன சொல்லும்? அந்த விளக்கை எடுத்து எறிந்தோம். மண்டபத்து மெயின் போர்டிலிருந்து செந்தில் புதிதாக எர்த் இழுத்தான். ஆம்ப்ளிஃபயரைப் பாயுடைய பிளக் பக்கம் மாற்றினோம். பாய் அந்தச் சின்ன சுவிட்சை அவர் கையாலேயே பழைய நிலைக்குத் தள்ளினார். மறுபடி டெஸ்ட் லாம்பை வைத்தேன். எரியவில்லை. மறுபடி விளக்கெல்லாம் போட்டோம். எரியவில்லை.

பெரிய இரைச்சல் சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் தேவராஜ் கம்பியிலிருந்து கையை எடுத்ததும் 'ஸ்ர்ர்ர்' என்று மெல்லிசாக ஈ பறக்கிற மாதிரி ஒன்று கேட்டது. அவருக்கு வியர்த்துவிட்டது.

"அக்கா..."

"பயப்படாதீங்க. இது காத்துல வர்றது. கலர் லைட்டோட சத்தத்தை உங்க காயில் புடிக்குது. இது ஆளைக் கொல்லாது. நின்ன எடத்துலயே மெதுவாத் திரும்புங்க."

திரும்பினார். சத்தம் குறைந்தது. இன்னும் கொஞ்சம் திரும்பினார், காணாமல் போய்விட்டது. ஆனால் இப்போது அவர் முகம் மாப்பிள்ளை பெண்ணையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. நேராகச் சாப்பாட்டு ஹால் வாசலைப் பார்த்தது. மைக்கையும் அந்தப் பக்கம் திருப்பி வைத்தோம். ரிசப்ஷன் முழுக்க அப்படியே நின்று வாசித்தார்.

"தேவராஜ் அண்ணனுக்குப் பசி போல," என்றார் காதர் பாய். "எந்தப் பந்தி நடக்குதுன்னு பாத்துக்கிட்டே வாசிக்கிறாரு."

மாஸ்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. என் பக்கம் வந்து, "அக்கா, நீங்க கத்தினது வீடியோவுல விழுந்துருச்சாம்," என்றார். அவ்வளவுதான். ஆனால் முதல் பாட்டுக்கு முன்னால் வாசிப்பவர்களின் பெயரைச் சொல்லும்போது, வழக்கமாகக் கடைசியில் வருகிற கிடாரை முதலில் சொன்னார். "கிடார், தேவராஜ்." சாப்பாட்டு ஹாலைப் பார்த்து நின்ற மனுஷன், கூட்டத்தின் பக்கம் கழுத்தை மட்டும் திருப்பிக் கும்பிட்டார். கம்பியிலிருந்து கை எடுத்ததால் ஈ கொஞ்சம் பறந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

கிளம்பும்போது டெஸ்ட் லாம்பை அவரிடமே கொடுத்தேன். முதலில் ஒரு பிளக்கில் வைத்து பல்பு ஃபியூஸ் போகவில்லையே என்று பார்க்கணும், அப்புறம் யாரும் கம்பியைத் தொடாமல், வயரின் ரப்பரை மட்டும் பிடித்துக் கம்பிக்கும் மைக்குக்கும் வைத்துப் பார்க்கணும், அப்புறம்தான் பாடணும் என்று சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்ல வைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு தடவை உறவுக்காரர் கல்யாணத்துக்காகத் துவாக்குடிப் பக்கம் ஒரு மண்டபத்துக்குப் போயிருந்தேன். மேடையில் அதே குழு. மாஸ்டர் பெயர்கள் சொல்லி முடித்தார். தேவராஜ் உடனே பாடவில்லை. ஓரத்துப் பிளக்கில் பல்பை எரிய வைத்துக் காட்டினார். பிறகு கிடாரை நாற்காலியில் வைத்து, குனிந்து, நிதானமாக ஒரு வயரைக் கம்பியிலும் ஒரு வயரை மைக்கிலும் வைத்தார். குத்துவிளக்கு ஏற்றுகிறவர் முகம் மாதிரி அவ்வளவு கவனம். ஏதோ பூஜை என்று நினைத்து முன் வரிசையில் ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காலேஜ் பையன்கள் கூட்டத்திலிருந்து ஒருத்தன் கத்தினான்.

"அண்ணே, பல்பு எரியலண்ணே!"

தேவராஜ் வயரைச் சுருட்டிச் சட்டைப் பைக்குள் போட்டார். கிடாரை மாட்டிக்கொண்டு, உதட்டை மைக்கில் ஒட்டி வைத்தார்.

"அதாம்பா வேணும்," என்றார். பாட ஆரம்பித்தார்.